இரண்டிலிருந்து நான்கு வரை

வைத்திக்குப்பம், புதுச்சேரி
11.1.2026

அம்மாவுக்கு,

பதில் போடும்போது உறையின் மேல் என் பெயரை எழுதாதே. சங்கவியின் அம்மா தனம் சித்தி பெயருக்குப் போடு. முகவரியைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சித்தியின் போனிலேயே உன்னோடு பேசிவிடலாமா என்றுதான் முதலில் கேட்டேன். "போனு வேணாம்டி. நீ அழுவ, பக்கத்து வூட்டுக்குக் கேக்கும், உங்கப்பன் வந்து என் வாசல்ல நிப்பான். லெட்டர்னா சத்தம் போடாது" என்றார்.

எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்குப் போடவில்லை. தெருவிளக்கு வெளிச்சம் அடுப்பு மேடைமேல் கொஞ்சம் விழுகிறது. அத்தை கூடத்தில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீ மதாம் எலியானோடு பிரான்சுக்கு ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாய். பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்றாய். நவம்பரில் மதாம் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும் மே இருபது வரைக்கும் என்றாய். அப்பாவைக் கேட்காமல் நீயே சரி சொல்லிவிட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கே உன் எண்ணைப் போனில் தடுத்துவிட்டு, கடலூரிலிருந்து துர்கா அத்தையை வரவழைத்துவிட்டார். இப்போது இந்த வீட்டில் உன் பேச்சையே எடுக்கக் கூடாது. போன வாரம் வாய் தவறி, "அம்மா வெச்ச கொழம்பு மாதிரியே இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அப்பா தட்டைத் தள்ளிவிட்டுக் கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஷிஃப்ட் தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். மதாம் இங்கே இருந்தவரைக்கும் நீ அவர் வீட்டில் சமைத்துவிட்டு மூன்று மணிக்குத் திரும்பிவிடுவாய். அங்கே போன பிறகு நீ என்ன செய்கிறாய் என்று எதுவுமே தெரியவில்லை. அம்மா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தால் மனதில் ஒன்றுமே வருவதில்லை, வெறும் வெள்ளையாக இருக்கிறது. கண் விழிப்பதிலிருந்து படுக்கும்வரை மணி போட்டு எழுது. எதையும் விடாதே.

இனியா


நாந்த், பிரான்சு
25.1.2026

இனியா கண்ணு,

அம்மா எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள், தப்பு இருந்தால் சிரிக்காதே. உன் கடிதத்தை மதாமிடம் காட்டினேன். அவருக்குத் தெரிந்தது சமையல்கட்டுத் தமிழ்தானே. "இனியா சாப்பிட்டா?" என்று கேட்டார். சாப்பிட்டா என்றேன். "நல்லது, போதும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் தமிழ் இல்லை.

ஆறரைக்கு எழுந்திருக்கிறேன். வெளியே நடுராத்திரி மாதிரி இருட்டு. குளிர்காலத்தில் இந்த ஊர் சூரியனுக்கு எட்டரைக்கு முன்னால் வேலை கிடையாது. ஏழு மணிக்கு மதாமுக்கு மாத்திரை, காபி. குளிப்பாட்ட ஒரு நர்ஸ் வருவாள், நான் பிடித்துக்கொள்ள வேண்டும். எட்டு மணிக்கு ரொட்டிக் கடை. முதல் மாதம் விரலால் காட்டித்தான் வாங்கினேன். இப்போது நான் உள்ளே நுழைந்ததுமே அந்தப் பெண் எடுத்து வைத்துவிடுகிறாள். வீட்டுக்கு வருவதற்குள் எல்லாரும் ரொட்டியின் நுனியைக் கடித்துவிடுகிறார்கள். இவ்வளவு பெரிய மனிதர்கள் தெருவில் தின்றுகொண்டு போகிறார்களே என்று முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது நானும் கடிக்கிறேன்.

ஒன்பது மணிக்குக் குப்பை. கண்ணாடி தனி, காகிதம் தனி, மற்றது தனி. வந்த புதிதில் மீன் முள்ளைக் காகிதத்தோடு போட்டுவிட்டேன். மாடி வீட்டுக் கிழவர் இறங்கி வந்து திட்டினார். எனக்குப் புரியாததால் சிரித்து வைத்தேன். அவர் இன்னும் அதிகமாகத் திட்டினார். பன்னிரண்டுக்குச் சாப்பாடு. வாரத்தில் மூன்று நாள் மதாம் ரசம் கேட்பார். புளி ஒரு அரபுக்காரர் கடையில் கிடைக்கிறது. ஒன்றரைக்கு அவர் தூங்கப் போவார். நான்கு மணிக்கு எழுந்து தேநீர். பிறகு தடியை ஊன்றி நடை, நான் பின்னால். ஏழு மணிக்கு சூப். ஒன்பது மணிக்குப் படுக்கை. துணியை வீட்டுக்குள்ளேதான் காயப்போடுகிறோம். இரண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது.

இவ்வளவுதான் என் நாள். அப்பாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லாதே.

அம்மா


வைத்திக்குப்பம்
8.2.2026

அம்மாவுக்கு,

உன் நாளை என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இடது பக்கம் உன் மணி, வலது பக்கம் என் மணி. நீ ரொட்டிக் கடையில் நிற்கும்போது எனக்குப் பன்னிரண்டரை, இராமதாஸ் சாரின் கணக்கு வகுப்பு. நேற்று அவர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, இப்போது அம்மா நுனியைக் கடிக்கிறாள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். "என்னம்மா, கணக்கு அவ்ளோ தமாஷா இருக்கா?" என்றார். வகுப்பே சிரித்தது.

அந்த நுனிக்கு ருசி தனியா? மாடி வீட்டுக் கிழவர் இப்போதும் திட்டுகிறாரா? எட்டரைக்குச் சூரியன் வந்தால் அங்கே சேவல் எப்போது கூவும்?

கட்டத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஒன்றரைக்கு மதாம் தூங்கப் போகிறார், நான்குக்கு எழுந்திருக்கிறார். பாத்திரம் கழுவ அரை மணி என்று வைத்துக்கொண்டாலும் இரண்டிலிருந்து நான்கு வரை நீ எதுவுமே எழுதவில்லை. எனக்கு அப்போது ஆறரையிலிருந்து எட்டரை. அத்தையோடு உட்கார்ந்து மறுநாள் அரிசியைப் பொறுக்கும் நேரம். அந்த இரண்டு மணி நேரம் நீ என்ன செய்வாய்?

அத்தை என்னென்னவோ சொல்கிறார். "வூட்டு வேலைக்குன்னு போனவளுக்கு அந்த ஊரு இன்னாத்துக்கு அவ்ளோ இனிக்குது? கேக்கறதுக்கு ஆளில்ல பாரு" என்று நேற்று தண்ணீர்க் குழாயடியில் எல்லார் முன்னாலும் சொன்னார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் மே மாதம் அத்தை என்னைத் தன் ஊரான தேவனாம்பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாராம். "பத்தாவது படிச்சது போதும். எங்க ஊரு எறால் கம்பெனியில பொண்ணுங்கள எடுக்கறாங்க" என்றார். அப்பா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீ மே இருபதாம் தேதி வந்து இறங்கிவிட்டால் அத்தை தனியாகத்தான் போக வேண்டும். வந்துவிடுவாய் இல்லையா? அத்தை கூடத்தில் புரண்டு படுக்கிறார். நிறுத்துகிறேன்.

இனியா


நாந்த்
22.2.2026

இனியா கண்ணு,

கடிதத் தாள் தீர்ந்துபோய்விட்டது. கடைக்குப் போக நேரமில்லை. பையில் கிடந்த ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

இரண்டிலிருந்து நான்கு வரை என்ன செய்வேன்? தூங்குவேன். வேறென்ன. காலையிலிருந்து நின்றால் கால் வலிக்காதா? அதையெல்லாம் கட்டம் போட்டுப் பார்ப்பார்களா?

நுனிக்கு ருசி தனிதான். சேவல் இங்கே இல்லை. கிழவர் இப்போது திட்டுவதில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

அத்தை பேச்சுக்குப் பதில் பேசாதே. படி. மதாம் இன்னொரு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். நீ பயப்படாதே.

அம்மா


வைத்திக்குப்பம்
8.3.2026

அம்மாவுக்கு,

நான் பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கிறேன் என்பதை மறந்துவிட்டாய். இல்லை, அதில் நான் வாங்கும் மார்க்கைப் பார்த்து எனக்குப் படிக்கவே வராது என்று நினைத்துவிட்டாய்.

உன் கடிதத்தைத் திருப்பினேன். நகராட்சி நீச்சல் குளம் என்று மேலே அச்சடித்திருந்தது. அதன் கீழே, தண்ணீருக்குப் பயப்படும் பெரியவர்களுக்கான வகுப்பு. செவ்வாய், வியாழன், இரண்டே கால் முதல் மூன்றே கால் வரை. தெரியாத மூன்று சொற்களுக்கு அகராதி பார்த்தேன். செவ்வாயையும் வியாழனையும் யாரோ பேனாவால் வட்டம் போட்டிருக்கிறார்கள். கட்டத்தில் காலியாக இருந்த இடம் சரியாக அதுதான்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீயா? மாசி மகத்துக்கு ஊரில் உள்ள சாமியெல்லாம் நம் கரைக்கு வந்து கடலில் குளிக்கும்போதுகூட நீ கணுக்காலுக்கு மேல் நனைய மாட்டாயே. இந்த வருடம் அத்தையோடு நின்றேன். தலையில் மூன்று தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டோம். நம் தெருப் பையன்கள் மட்டும் அலைக்கு அந்தப் பக்கம் போய் மிதந்துகொண்டிருந்தார்கள்.

அதற்கு அப்புறம் கடைசி வரியைப் படித்தேன். வகுப்பு ஜனவரி 13 முதல் ஜூன் 25 வரை.

ஜூன் 25. நீ மே 20 என்று சொன்னாய். நவம்பரிலும் இப்படித்தான். தேதி உனக்கு முன்பே தெரிந்திருந்தது, எங்களுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. நீ தூங்குவதாக எழுதினாய். அத்தை சொல்வதெல்லாம் பொய் என்று இத்தனை நாள் உனக்காக மனதுக்குள் சண்டை போட்டேன். எனக்குத் தெரியாத அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் நீ வரப்போவதில்லையா? உண்மையை எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

இனியா


நாந்த்
21.3.2026

இனியா,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

டிசம்பரில் மதாமைத் தண்ணீருக்குள் நடக்கவைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வாத்தியாரம்மா, எந்த ஊர் என்று கேட்டாள். மதாம் என்னைக் காட்டி, கடற்கரை, மீனவர் வீடு என்று பெருமையாகச் சொன்னார். அப்படியானால் நன்றாக நீந்துவாய் என்று அவள் கையை வீசி நீந்திக் காட்டிக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை. என் அப்பா, அண்ணன், உன் அப்பா எல்லாரும் மீன் மாதிரி நீந்துவார்கள். நான் பிறந்த வீட்டிலிருந்து அலைக்கு முப்பது அடி. பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். மீன் வாங்க, மீன் விற்க, வலை காயவைக்க. அதற்குத்தான் கடற்கரை. நாற்பத்தோரு வயதில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுவாரம் நானே போய், எனக்குத் தெரியாது, பயம் என்று சொன்னேன். பயம் என்ற சொல்லை மட்டும் மதாமிடம் பிரெஞ்சில் கேட்டுக்கொண்டு போயிருந்தேன். வகுப்பில் எட்டுப் பேர். ஒருவர் பஸ் ஓட்டுகிறவர், இவ்வளவு பெரிய உடம்பு, படியில் இறங்கும்போது அழுதுவிட்டார். உடுப்பு முழங்காலுக்கு மேல்தான் வரும், கை இல்லை. புடவை கட்டிக்கொண்டு இறங்க விட மாட்டார்கள். முதல் நாள் துண்டைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் அறைக்குள்ளேயே நின்றேன். தலைக்கு ஒரு ரப்பர் தொப்பி. என் கொண்டையை அதற்குள் அடக்க ரோசா என்ற போர்த்துகல்காரியும் நானும் மல்லுக்கட்டினோம். வெளியே வந்து பார்த்தால் யாருமே என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் பயத்தில் இருந்தார்கள்.

நான்காவது வாரம் மல்லாந்து மிதந்தேன். வாத்தியாரம்மாவின் இரண்டு விரல் மட்டும் முதுகின் கீழே. பிறகு அதுவும் இல்லை. காதில் தண்ணீர் ஏறியதும் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. என்னை யாரும் கூப்பிடவில்லை. மேலே கண்ணாடிக் கூரையில் மழை பெய்வது தெரிந்தது, கேட்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அப்படி ஒரு நேரம் எனக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை. இதை எப்படி உனக்கு எழுதுவேன்? அதனால் தூங்குவேன் என்று எழுதினேன். அது தப்பு.

ஒரு வருடம் முடியாது என்று மதாமிடம் சொல்லிவிட்டேன். அது முடிந்த பேச்சு. மே இருபதுக்கு டிக்கெட் இருக்கிறது. ஆனால் நான் இப்போது குளத்தின் பாதிவரைதான் நீந்துகிறேன். பாதிக்கு மேல் கால் தரையில் எட்டாது. அந்த இடம் வந்ததும் கம்பியைப் பிடித்துவிடுகிறேன். ஜூன் கடைசிவரை இருந்தால் அந்தப் பக்கம் போய்விடுவேன் என்று வாத்தியாரம்மா சொல்கிறாள்.

உன் அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் உன்னைக் கேட்கிறேன். பதினொன்றில் சேர்க்கும் நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அத்தை உன்னைக் கூட்டிப் போகப் பார்ப்பார். எல்லாம் தெரிந்தேதான் கேட்கிறேன். இது நியாயம் இல்லை. நீ மே இருபது என்றால் மே இருபது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், பிறகும் சொல்லிக்காட்ட மாட்டேன்.

அம்மா


வைத்திக்குப்பம்
7.4.2026

அம்மாவுக்கு,

நடந்ததை முதலில் சொல்கிறேன்.

உன் கடிதத்தைக் கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் வைத்திருந்தேன். தேர்வு முடிந்துவிட்டதே என்று ஞாயிற்றுக்கிழமை அத்தை என் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட எடுத்திருக்கிறார். அப்பா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் வைக்க வந்தேன். அத்தையின் கையில் உன் கடிதம்.

"கேளுடா பலராமா. ரப்பர் தொப்பி போட்டுகினு, கையில்லாத உடுப்பு போட்டுகினு, ஆம்பள பொம்பளயோட சேந்து கொளத்துல எறங்கறாளாம் உம் பொண்டாட்டி. வெக்கமில்லாம எழுதியே வெச்சிகிறா."

சொம்பைக் கீழே வைத்தேன். அப்பா சங்கரா மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "மொத்தமும் படி" என்றார்.

அத்தை சத்தமாகத்தான் தொடங்கினார். நீ மல்லாந்து மிதந்த இடம் வந்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது. முடித்துவிட்டுக் கடிதத்தை மடித்தார்.

"எத்தினி அடியாம்?" என்றார் அப்பா.

"இன்னாது?"

"ஆழம். எத்தினி அடின்னு எழுதிகிறாளா?"

"அதான்டா இப்ப ஒனக்கு ரொம்ப முக்கியம்!"

"நோட்டீஸ்ல போட்டிருந்துச்சுப்பா" என்றேன். "ஒரு பக்கம் நாலடி. இன்னொரு பக்கம் பத்தடி."

"உப்பில்லாத தண்ணி" என்றார் அப்பா. "கடலு தானா தூக்கும். அதுல மெதக்கறது செரமம்."

பிறகுதான் என்னைப் பார்த்தார். எத்தனை நாளாகக் கடிதம் வருகிறது என்று கேட்டார். ஜனவரியிலிருந்து என்றேன். யார் வீட்டுக்கு என்று கேட்டார். நான் சொல்லவில்லை. அப்பா கேட்டு நான் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை. "தனம் வூடாத்தான் இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். கடிதத்தை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "எனக்குன்னு ஒரு வரி இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"ஒன்னத்தான கேட்டுகிறா. நீயே சொல்லு" என்றார்.

"கொழந்தையப் போயி கேக்கறியேடா. நா எதுக்கு ஜூனு வரைக்கும் இங்க கெடக்கணும்? எம் புள்ள அங்க ஓட்டல்ல துன்றான். நா கெளம்பறேன், இவளயும் கூட்டிகினு போறேன்."

சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னேன். "அம்மா ஜூன் கடைசியில வரட்டும். நான் தேவனாம்பட்டினம் வரல. பதினொன்னு சேரணும்."

"சோறு ஆரு ஆக்குவா?" என்றார் அத்தை.

"நான்."

"போன வாரம் ஆக்கின லச்சணத்ததான் பாத்தனே. கஞ்சியா, சோறான்னே தெரியல."

"கொழஞ்சாலும் சோறுதான்க்கா" என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவ எழுந்து போனார்.

இவ்வளவுதான் நடந்தது. அத்தை வியாழக்கிழமை போகிறார். இரண்டு நாளாகப் பேசாமல் புடவை மடிக்கிறார். அவருக்கும் அழுகை வந்திருக்கும் போலிருக்கிறது, அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அப்பா இன்னும் உன் எண்ணைத் திறக்கவில்லை, நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஆனால் சனிக்கிழமை விண்ணப்பம் வாங்கப் பள்ளிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. நான் சொல்லித்தான் எழுதினாய் என்று தெரிய வேண்டாம். நாலடி, பத்தடி என்று குளத்தின் ஆழத்தில் தொடங்கினால் அவர் படிப்பார்.

நான் எதற்குச் சரி என்றேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நல்ல பெண் என்று நீ நினைக்க வேண்டும் என்பதற்காக இல்லை. நீ பாதியில் கம்பியைப் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தால், கால் எட்டாத அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று என்னிடம் சொல்ல உனக்கு எதுவும் இருக்காது. எனக்கு அது தெரிய வேண்டும். நம் தெருவில் வேறு யாரிடமும் அதைக் கேட்க முடியாது.

ஜூன் முப்பதுக்குள் வா. எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. நீ வந்து இறங்கும்போது நான் சிரிக்காமல் நின்றால் தயங்கி அங்கேயே நின்றுவிடாதே. பக்கத்தில் வா. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்.

இனியா